இடது கால் வலிக்கிறது! காரை விற்பதா? கியரை மாற்றுவதா?

அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்களிடையே ஒரு வாக்குவாதம் நடந்து வருகிறது.

"கையால் கியர் போடும் பழைய காரில், அந்தக் கியரை எடுத்துவிட்டுத் தானாக மாறும் கியரைப் பொருத்தலாமா? கூடாதா?" என்பதே அந்த வாக்குவாதம்.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இதில் முழங்கால் வலி இருக்கிறது. முதுமை இருக்கிறது. பணம் இருக்கிறது. அப்பா ஓட்டிய காரைப் பிள்ளைகள் வைத்துக்கொள்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்ற குடும்பப் பிரச்சினையும் இருக்கிறது.

அமெரிக்காவின் பழைய கார்களில் "மஸ்டாங்" என்ற காருக்குத் தனி மதிப்பு உண்டு. "மஸ்டாங்" என்றால் காட்டுக் குதிரை. காரின் முகப்பில் ஒரு குதிரை ஓடிக்கொண்டிருக்கும்.

1964-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி போர்டு மோட்டார் கம்பெனி இந்தக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்க விலை 2,368 டாலர். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடிய விலை. பார்வைக்கோ பணக்காரன் கார் போல இருந்தது. விடுவார்களா? ஓர் ஆண்டுக்குள் 4 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்றுப்போயின.

வாங்கியவர்களில் பலர் இளைஞர்கள். முதல் சம்பளம் வாங்கியவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், கல்லூரி மாணவர்கள்.

அன்று 20 வயதில் அந்தக் காரை வாங்கியவருக்கு இப்போது 80 வயது தாண்டிவிட்டது.

கார் இன்னும் ஓடுகிறது. என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கலாம். துருவைச் சுரண்டி வர்ணம் அடிக்கலாம். உதிரிச் சாமான்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஓட்டுகிறவரின் இடது முழங்காலுக்கு உதிரிச் சாமான் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

இடது காலுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

இடது காலின் வேலை

காரின் என்ஜின், ஓடத் தொடங்கிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் என்ஜின் சுற்றும். ஆனால் சக்கரம் சுற்றக்கூடாது.

ஆகவே என்ஜினையும் சக்கரத்தையும் சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு சாதனம் வேண்டும். அதுதான் கிளட்ச். இடது காலால் பெடலை மிதித்தால் என்ஜின் பிரிந்து நிற்கும். காலை எடுத்தால் சேர்ந்துகொள்ளும்.

கியர் எதற்கு? மேட்டில் சைக்கிள் மிதிப்பவருக்கு இது தெரியும். ஏறும்போது பலம் வேண்டும். சமதரையில் வேகம் வேண்டும். என்ஜினுக்கும் அப்படித்தான். புறப்படும்போது ஒரு கியர், வேகம் எடுக்க ஒரு கியர், ஓட ஒரு கியர். சாதாரண மஸ்டாங் காரில் 3 கியர்கள். கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு 4 கியர்கள்.

ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் இடது கால் கிளட்சை மிதிக்கவேண்டும். நெரிசலான தெருவில் ஒரு மணி நேரம் ஓட்டினால் எத்தனை முறை மிதிக்கவேண்டியிருக்கும் என்று சென்னையில் கார் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தைலத்தைத் தேடுகிறவர்கள் அவர்கள்.

பழைய மஸ்டாங் காரின் கிளட்சோ இன்றைய கார்களின் கிளட்சைப் போல மெத்தென்று இருக்காது. கம்பிகளும் நெம்புகோல்களும் கொண்டது. ஸ்பிரிங் கெட்டியானது. 20 வயதில் அது ஒரு பொருட்டே அல்ல. 75 வயதில், மூட்டு தேய்ந்த பிறகு?

எதிரெதிராக இரண்டு மின்விசிறிகள்

தானாக மாறும் கியரை "ஆட்டோமேட்டிக்" என்கிறோம். அதில் கிளட்ச் பெடல் கிடையாது. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மட்டுமே. இடது காலுக்கு வேலையே இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது?

இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அதிலிருந்து வரும் காற்று, நின்றிருக்கும் மற்றொரு விசிறியையும் மெல்லச் சுற்ற வைக்கும். இரண்டுக்கும் நடுவே இணைப்பு எதுவும் இல்லை. இரண்டாவது விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதல் விசிறி நிற்காது.

ஆட்டோமேட்டிக் கியரின் முன்பாகத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். ஒரு மூடிய உருண்டைக்குள் இரண்டு சக்கரங்கள். ஒன்று என்ஜினோடு சுற்றும். அது வீசி அடிக்கும் எண்ணெய் மற்றதைச் சுற்றும். இதற்கு "டார்க் கன்வெர்ட்டர்" என்று பெயர். பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தினாலும் என்ஜின் நிற்காமல் சுற்றுவது இதனால்தான்.

அதற்குப் பின்னால் கியர்ச் சக்கரங்கள் இருக்கின்றன. நடுவில் ஒன்று, அதைச் சுற்றிச் சில. சூரியனைக் கிரகங்கள் சுற்றுவதுபோல அவை சுற்றும். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதை எண்ணெயின் அழுத்தமே தீர்மானிக்கும். வேகம் கூடினால் கியர் தானே மாறும்.

காலை இழந்தவர்களுக்குக் கிடைத்த கார்

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் சோம்பேறிகளின் கியர் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் அதன் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஏராளமாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செய்த "ஹைட்ரா-மேட்டிக்" ஆகும். 1939-ம் ஆண்டின் கடைசியில், 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது.

இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா உலகப் போரில் குதித்தது. கார் உற்பத்தி நின்றது. ஆனால் இந்தக் கியர் நிற்கவில்லை. அது டாங்கிக்குள் போனது! "எம்-5" என்ற சிறிய டாங்கியில் 2 காடில்லாக் கார் என்ஜின்களையும் 2 ஹைட்ரா-மேட்டிக் கியர்களையும் பொருத்தினார்கள். குண்டு மழைக்கு நடுவே கியர் போடும் தொல்லை டிரைவருக்கு இல்லாமல் போயிற்று.

போர் முடிந்தது. வீரர்கள் ஊர் திரும்பினார்கள். பல ஆயிரம் பேர் கை, கால்களை இழந்து திரும்பினார்கள்.

அமெரிக்காவில் கார் இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. கடைக்குப் போக முடியாது. இடது கால் இல்லாதவன் கிளட்சை எப்படி மிதிப்பான்?

ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி, ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட கார்களில் தனி விசைகளை அமைத்து, ஊனமுற்ற வீரர்களுக்குக் கொடுக்க ஒரு திட்டம் வகுத்தது. 1946-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. போரில் காலை இழந்த வீரர் கார் வாங்குவதற்கு 1,600 டாலர் வரை அரசாங்கமே பணம் கொடுக்கும் என்பது அந்தச் சட்டம்.

அந்த வீரர்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் என்பது சொகுசு அல்ல. இழந்த காலுக்குப் பதில் கிடைத்த கால்.

இன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மஸ்டாங் காரில் ஏறும் கிழவரின் நிலையும் அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

பிறகு ஆட்டோமேட்டிக் பரவிய வேகம் கொஞ்சநஞ்சம் அல்ல. 1950-ம் ஆண்டில் மலிவு விலை செவர்லே காரிலேயே வந்துவிட்டது. உலகத்திலேயே பெருமை பிடித்த கார் என்று பெயர் எடுத்த ரோல்ஸ்-ராய்ஸ் கூட, அந்த அமெரிக்கக் கியரை உரிமம் பெற்றுத் தன் காரில் வைத்துக்கொண்டது.

மஸ்டாங் காருக்கும் கூடுதல் பணம் கட்டினால் "சி-4" என்ற 3 கியர் ஆட்டோமேட்டிக் கிடைத்தது. காசு மிச்சம் என்று எண்ணியவர்களும், வேகப் பிரியர்களும் கைக் கியரை வாங்கினார்கள். இன்றைய வழக்கு அவர்களுடைய வழக்குதான்.

திருடனுக்கும் தெரியவில்லை

வாக்குவாதம் இப்போது சூடு பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் கைக் கியர் ஏறக்குறைய மறைந்தே விட்டது. இப்போது அங்கு விற்கும் புதிய கார்களில் 100-க்கு ஒன்றோ இரண்டோதான் கைக் கியர் உள்ளவை. கைக் கியருக்குப் பெயர்போன ஜெர்மன் காரான வோக்ஸ்வாகன் கோல்ப் ஜி.டி.ஐ. கூட, 2025-ம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக்காக மட்டுமே வருகிறது. மின்சாரக் கார்களிலோ கியர் மாற்றும் பேச்சே இல்லை.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. காரைத் திருட வந்தவன் உள்ளே ஏறி உட்கார்ந்து, மூன்று பெடல்களைப் பார்த்துவிட்டு, ஓட்டத் தெரியாமல் இறங்கி ஓடிவிட்டான் என்ற செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒருமுறை அல்ல, பலமுறை வந்திருக்கிறது.

திருடனுக்குத் தெரியாதது பேரனுக்கு மட்டும் தெரியுமா? தாத்தாவின் கார் கொட்டகையில் நிற்கிறது. தாத்தாவுக்குக் கால் முடியவில்லை. பேரனுக்குக் கிளட்ச் தெரியவில்லை. கார் தூசி படிந்து நிற்கிறது. நின்ற காரில் பெட்ரோல் கெடும். ரப்பர் குழாய் வெடிக்கும். பிரேக் இறுகும். ஓடாத கார் ஓடும் காரைவிடச் சீக்கிரம் வீணாகும்.

கியரை மாற்று என்று ஒரு கட்சி சொல்வது இதற்காகத்தான்.

மறு கட்சி சொல்வதும் இதே காரணத்தால்தான்! கைக் கியர் அருகிவிட்டதால் அதற்கு மவுசு ஏறிவிட்டது. ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டுக் கைக் கியரைப் பொருத்தும் இளைஞர்களும் இருக்கிறார்கள். "இருப்பதே கொஞ்சம். அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

பட்டறையில் என்ன நடக்கிறது?

கியரை மாற்றுவது என்றால் ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொரு பெட்டியை மாட்டுவது என்று நினைத்தால் தவறு. மஸ்டாங் காரில் மிகவும் பரவலான "289" என்ற 8 சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம்.

முதலில் போல்ட்டுகளை எண்ணவேண்டும். என்ஜினையும் கியர்பாக்சையும் இணைக்கும் மணி வடிவக் கூடு இருக்கிறது. 1964-ம் ஆண்டு ஆகஸ்டு வரை வந்த என்ஜின்களில் அது 5 போல்ட்டுகளால் பொருந்தும். பிறகு வந்தவற்றில் 6 போல்ட்டுகள். இதைப் பார்க்காமல் கியர்பாக்சை வாங்கி வந்தவர்கள், திரும்பவும் கடைக்கு நடந்திருக்கிறார்கள்.

அடுத்து கிளட்சும், அதைத் தாங்கும் கனமான பிளைவீலும் வெளியே வரும். அதன் இடத்தில் மெல்லிய பல்தட்டு ஒன்று உட்காரும். இந்தத் தட்டில் ஒரு பக்கம் வேண்டுமென்றே எடை கூடுதலாக இருக்கும். என்ஜினின் அதிர்வைச் சமன் செய்வதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பழைய என்ஜினுக்கு ஓர் அளவு, 1980-களில் வந்த என்ஜினுக்கு வேறு அளவு. மாற்றிப் போட்டால் கார் முழுவதும் உதறும்.

என்ஜின் தண்டின் முனையில் ஒரு சின்னப் பித்தளை வளையம் இருக்கும். கைக் கியரின் தண்டைத் தாங்குவது அதன் வேலை. ஆட்டோமேட்டிக் பொருத்தும்போது அதை எடுத்துவிடவேண்டும். மறந்தால் டார்க் கன்வெர்ட்டர் சரியாக உட்காராது.

அந்தக் கன்வெர்ட்டரை உட்கார வைப்பதுதான் வேலையிலேயே கண்டம். எண்ணெய் ஊற்றி, மெதுவாகச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளவேண்டும். படிப்படியாக "டக்" "டக்" என்று இறங்கும். கடைசிப் படி இறங்குவதற்கு முன்பே அவசரப்பட்டு போல்ட்டை முறுக்கினால், உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பம்பு உடைந்துவிடும். புதுக் கியர்பாக்ஸ், ஒரு கிலோமீட்டர் கூட ஓடாமல், திரும்பவும் கீழே இறங்கும்.

இத்தோடு முடிந்ததா? இல்லை.

ஆட்டோமேட்டிக் கியரின் எண்ணெய் கொதிக்கும். சூடுதான் அதற்கு முதல் எதிரி. ஆகவே எண்ணெயைக் குளிர வைக்க, ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு குழாய் ஓடவேண்டும். கைக் கியர் காரின் ரேடியேட்டரில் அது இருக்காது. ரேடியேட்டரை மாற்றவேண்டும், அல்லது தனியாக ஒரு குளிர்விப்பானை வைக்கவேண்டும்.

ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் கியர் தானே இறங்கி வேகம் கொடுக்க, கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்சுக்கு ஒரு கம்பி போகவேண்டும். என்ஜினின் உறிஞ்சு சக்தியைக் காட்ட ஒரு சின்னக் குழாயும் போகவேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாப்ட்டின் நீளத்தைச் சரிபார்க்கவேண்டும். வேகமானி வயரின் பல்சக்கரமும் பொருந்தவேண்டும்.

இவற்றில் எதைத் தள்ளிப்போட்டாலும் ஒரு சின்னச் சுவிட்சை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. கியர் "நியூட்ரல்" நிலையிலோ "பார்க்கிங்" நிலையிலோ இருந்தால் மட்டுமே என்ஜினைக் கிளப்ப விடும் சுவிட்ச் அது. ஆட்டோமேட்டிக் காரில் இது இல்லாவிட்டால், சாவியைத் திருப்பியதும் கார் பாயக்கூடும். முன்னால் சுவர் இருந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். குழந்தை நின்றால்?

செலவைக் குறைக்க நினைக்கும் பட்டறைகள் இந்தச் சுவிட்சை விட்டுவிடக்கூடும். வேலை கொடுப்பவர் கேட்டு வாங்கவேண்டும்.

சிலர் சி-4 கியரோடு நிற்பதில்லை. போர்டு கம்பெனி 1980-ம் ஆண்டில் கொண்டுவந்த 4 கியர் ஆட்டோமேட்டிக்கைப் பொருத்துகிறார்கள். 4-வது கியரில் என்ஜினின் சுற்று மூன்றில் ஒரு பங்கு குறையும். நெடுஞ்சாலையில் சத்தமும் பெட்ரோல் செலவும் குறையும். ஆனால் வேலை அதிகம். காருக்கு அடியில் தாங்கும் சட்டத்தையும் மாற்றவேண்டிவரும். தினமும் ஊர் ஊராகப் போகிறவருக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மாதா கோவிலுக்குப் போய் வரும் பெரியவருக்கு, அந்தக் காலத்துச் சி-4 போதும்.

எந்தக் காரைத் தொடக்கூடாது?

"மாற்றாதே" என்கிறவர்களின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை.

மஸ்டாங் கார்களில் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. காரின் எண்ணில் 5-வதாக உள்ள ஆங்கில எழுத்து, என்ஜின் எது என்பதைச் சொல்லும். அந்த எழுத்து "கே" என்று இருந்தால் அது 271 குதிரைச் சக்தி கொண்ட விசேஷ என்ஜின். 1965-ம் ஆண்டு மாடலில் அந்த என்ஜினோடு 4 கியர் கைக் கியர் மட்டுமே கொடுத்தார்கள். ஆட்டோமேட்டிக் கேட்டாலும் கிடைக்காது. 1966-ம் ஆண்டு மாடலில்தான் கிடைத்தது.

ஆகவே 1965-ம் ஆண்டு "கே" காரில் ஆட்டோமேட்டிக் இருந்தால், அது பிற்பாடு கைவைத்த கார் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட அபூர்வக் காரில் கியரை மாற்றுவது, பாட்டியின் பழைய அட்டிகையை உருக்கி வளையல் செய்வது போல. தங்கம் போகாது. மதிப்புப் போய்விடும். முழங்கால் வலித்தால் அந்தக் காரை விற்றுவிட்டு, ஆட்டோமேட்டிக்கோடு பிறந்த வேறொரு மஸ்டாங்கை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். பணமும் மிஞ்சும்.

ஆனால் சாதாரண 6 சிலிண்டர், 8 சிலிண்டர் கார்கள் லட்சக்கணக்கில் வந்தவை. அவற்றில் ஒன்றின் கியரை மாற்றினால் சரித்திரம் கெட்டுவிடும் என்று கூப்பாடு போடுவது வீண்.

"ஆட்டோமேட்டிக் வைத்தால் காரின் கவுரவம் போய்விடும்" என்கிறார்களே, அதற்கும் பதில் இருக்கிறது. 1966-ம் ஆண்டில் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் கம்பெனி, பந்தயக் கார் நிபுணர் கரோல் ஷெல்பியிடமிருந்து சுமார் 1,000 விசேஷ மஸ்டாங் கார்களை வாங்கி வாடகைக்கு விட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். இன்று அந்தக் கார்களுக்காகப் பணக்காரர்கள் போட்டி போடுகிறார்கள். கவுரவம் எங்கும் போய்விடவில்லை.

கார் பிறந்தபோது எந்தக் கியரோடு பிறந்தது என்பதற்கு அத்தாட்சி காரிலேயே இருக்கிறது. 1965, 1966-ம் ஆண்டு மாடல்களில் டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் கடைசிக் கட்டத்தில் ஓர் எண் இருக்கும். 1 என்றால் 3 கியர். 5 என்றால் 4 கியர். 6 என்றால் ஆட்டோமேட்டிக். கியரை மாற்றியவர்கள் இந்தத் தகட்டை மாற்றக்கூடாது. விற்கும்போது "மாற்றியிருக்கிறேன்" என்று சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் விற்பது மோசடி.

வெட்டாமல் மாற்றினால்

இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நல்ல மெக்கானிக்குகள் அதைத்தான் சொல்கிறார்கள்.

போல்ட் போட்டு மாட்டியதை, போல்ட்டைக் கழற்றி எடுக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. கியர்த் தடி வரும் இடத்தில் தரையை அகலமாக வெட்டாமல் இருக்க முடியுமா என்று பார்க்கவேண்டும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிதாக வெட்டவேண்டும். கழற்றிய கியர்பாக்ஸ், பிளைவீல், கிளட்ச் பெடல், கம்பிகள் அத்தனையையும் எண்ணெய் தடவி, கோணியில் சுற்றி, சீட்டு எழுதிக் கட்டி வைக்கவேண்டும். ஒரு போல்ட்டைக் கூடப் பழைய இரும்புக் கடைக்குப் போடக்கூடாது. நாளைக்குப் பேரன் கிளட்ச் பழகிக்கொண்டு "பழையபடி மாட்டு" என்று கேட்டால், மாட்டிக் கொடுக்கலாம்.

அதற்கும் முன்னால் செய்து பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. கெட்டியான பழைய ஸ்பிரிங்குக்குப் பதில் இலகுவான புதுமாதிரிக் கிளட்ச் தட்டுகள் கிடைக்கின்றன. எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் கிளட்ச் அமைப்பும் கிடைக்கிறது. லேசான வலி உள்ளவருக்கு இதுவே போதும். கியர்பாக்சைத் தொடவேண்டியதே இல்லை. டாக்டர் "இடது காலை அசைக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டவருக்கு இது உதவாது.

நம் நாட்டில்

இந்தியாவிலும் பழைய கார்ப் பிரியர்கள் இருக்கிறார்கள். இங்கே கியரை மாற்ற நினைப்பவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. மாற்றுத்திறனாளிகளின் தேவைக்காக மாற்றி அமைக்கப்படும் வண்டிகளுக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. அதற்கும் அனுமதி வாங்கவேண்டும்.

2021-ம் ஆண்டில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியாக இருக்கவேண்டும். அடிச்சட்டம், கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்யாமல் பழைய உருவிலேயே வைத்திருக்கவேண்டும். அப்படிப்பட்ட பதிவை விரும்புகிறவர்கள் கியரில் கை வைப்பதற்கு முன் யோசிப்பது நல்லது.

புதிய கார் வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 2014-ம் ஆண்டில் மாருதி செலேரியோ கார், கிளட்ச் பெடல் இல்லாமல், மலிவு விலையில் வந்தது. அதன் பிறகு நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஆட்டோமேட்டிக் எட்டியிருக்கிறது. இந்தியாவில் டிரைவிங் லைசென்சும் இரண்டுக்கும் ஒன்றுதான். பிரிட்டனில் அப்படி அல்ல. அங்கே ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதித் தேறியவர், கைக் கியர் காரை ஓட்டக்கூடாது. ஓட்டினால் குற்றம்.

முதல் நாள்

கியரை மாற்றிய மஸ்டாங், பட்டறையிலிருந்து வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஏறி உட்காருகிறார். மூன்று பெடல்கள் இருந்த இடத்தில் இரண்டுதான் இருக்கின்றன. பிரேக் பெடல் முன்னைவிட அகலம்.

கார் புறப்படுகிறது. வேகம் கூடுகிறது. கியர் தானாக மாறுகிறது. வலி இல்லை. 

தெருமுனையில்தான் ஆபத்து காத்திருக்கிறது. 50 ஆண்டுகள் கிளட்ச் மிதித்த இடது கால், பழக்க தோஷத்தால் கிளட்சைத் தேடும். கிளட்ச் இருந்த பக்கமாக நீண்டிருக்கும் அகலப் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். டயர் கிறீச்சிட, கார் நடுத்தெருவில் குத்திட்டு நிற்கும். பின்னால் வருகிறவர் ஹாரனை அலறவிடுவார்.

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள், முதல் சில நாட்களுக்கு இடது காலைப் பின்னுக்கு இழுத்து, சீட்டின் ஓரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.